அம்மா வந்து போன ஊர்

லிலாங்வே விமான நிலையத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகுமுன் அம்மா ஒருமுறை திரும்பினாள். "போயிட்டு வரேன் கண்ணு" என்றாள்.

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. தர்மபுரிப் பக்கம் பாலக்கோட்டிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து அடிஸ் அபாபா, பிறகு மலாவி. இனி இவ்வளவு தூரம் வரமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் "போறேன்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும் வழக்கம் நம்மிடம் இல்லையே. இங்கே பேசும் சிச்சேவா மொழியில் கிளம்புகிறவர் "ட்சலானி ப்வினோ" என்பார். நல்லபடியாக இருங்கள் என்று பொருள். இருக்கிறவர் "பித்தானி ப்வினோ" என்று வழியனுப்புவார். நல்லபடியாகப் போங்கள். வாசலில் நின்ற காவல்காரப் பெண் அதைத்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு சொல்லும் புரியாமல், எல்லாம் புரிந்தவள்போலக் கைகூப்பிவிட்டுப் போனாள்.

அன்றிரவு லிலாங்வேயில் தங்கிவிட்டு, மறுநாள் காலை என் கிராமத்துக்குத் திரும்பினேன். 2024 ஆகஸ்டின் கடைசி வாரம். பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. இரண்டாண்டு தன்னார்வப் பணியில் 14 மாதம் முடிந்திருந்தது.

*

லிலாங்வேயின் பழைய நகரத்தில் மினிபஸ் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். கால அட்டவணை என்று ஒன்று கிடையாது. கடைசி இருக்கையும் நிரம்பி, நடுவில் மடக்கும் பலகையிலும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநர் சாவியைத் தொடுவார். அன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மடியில் கோழியோடு பக்கத்தில் இருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தனியாகவா?" என்று கேட்டார். "அம்மா வந்திருந்தாள். நேற்றுத்தான் அனுப்பிவைத்தேன்" என்றேன். அவர் கோழியை இடம் மாற்றி வைத்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். 14 மாதமாக இதே பேருந்துகளில் போய்வருகிறேன். அதுவரை யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

மொழிப் பயிற்சியின் முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட சொல் "அமாயி". அம்மா என்று பொருள். மதிக்கத்தக்க எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் அம்மாவுக்கும் இந்த அமாயிக்கும் மொழி உறவு ஒன்றுமில்லை. உலகத்துக் குழந்தைகளின் வாய்க்கு முதலில் அகப்படுவது மகரம்தான், அவ்வளவே. ஆனால் அம்மா வந்திறங்கிய அன்று, சுங்க அதிகாரி முதல் பெட்டி தூக்கியவர் வரை எல்லாரும் அவளை "அமாயி" என்றதும், "இங்கேயும் அம்மான்னுதான் கூப்பிடறாங்களா!" என்று பாதிக் களைப்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டாள்.

பேருந்துக் கட்டணத்தை எண்ணிக் கொடுக்கும்போதும் அம்மா நினைவுதான். இந்நாட்டுப் பணத்துக்கு க்வாச்சா என்று பெயர். விடியல் என்று பொருள். அதன் சில்லறை தம்பாலா, அது சேவல். விடுதலை பெற்று ஏழாண்டு கழித்து, 1971ல், பவுண்டை விலக்கிவிட்டு வைத்த பெயர்கள். "சேவல் கூவினாத்தானே விடியும், சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றாள் அம்மா. விலைவாசி ஏறிய ஏற்றத்தில் சேவல் செல்லாக்காசாகி, விடியல் மட்டும் கத்தை கத்தையாகப் பையில் கிடப்பதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

*

வெளிநாட்டில் தன்னார்வப் பணி என்று நான் சொன்னபோது உறவுக்காரர்களுக்குப் புரியவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் போதுமான படி மட்டும்தான் என்றதும், "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்றார் பெரியப்பா. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிற வீட்டை விட்டு, கணக்கு டீச்சர் வேலைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆப்பிரிக்காவில் யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது அவருக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது.

இப்படிப்பட்ட பணி ஒரு காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே மட்டும் நடந்தது. பிரிட்டனில் 1958ல் வி.எஸ்.ஓ. தொடங்கியபோது பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைத்தான் அனுப்பினார்கள். 1961ல் அமெரிக்காவின் அமைதிப் படை வந்தது. 1970ல் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் உருவானது. இன்று அதில் பணி செய்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். பெற்றவளைத் தனியே விட்டுவிட்டுப் பிள்ளைகள் கிளம்புவதுதான் இதில் வழக்கம். தலைகீழாக நடந்த ஒரு கதையும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாய் லில்லியன் கார்ட்டர், 68 வயதில் அமைதிப் படையில் சேர்ந்து, 1966ல் மும்பையின் விக்ரோலிக்குச் செவிலியர் பணிக்கு வந்தார். அங்கே மகன் வீட்டில் இருந்தார், தாய் கிளம்பினார். இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு முட்டி நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

*

மினிபஸ் தெற்கே எம்-1 சாலையில் ஓடியது. 85 கிலோமீட்டர் தள்ளி டெட்சா. சுமார் 1,600 மீட்டர் உயரம். ஆகஸ்டிலும் காலையில் தோளில் துண்டு வேண்டும். மூன்று நாளைக்கு முன்புதான் இதே சாலையில் எதிர்த்திசையில் அம்மாவோடு வந்திருந்தேன். அப்போது அவள் ஜன்னலோரம், நான் அவளுக்குக் காட்டிக்கொண்டு வருவதாக நினைப்பு. பாதி வழியிலேயே அந்த வேலை கைமாறிவிட்டது.

டெட்சாவுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் இந்தச் சாலைதான் எல்லைக்கோடு. ஒரு பக்கத்து வீடுகள் மலாவி, எதிர்ப்பக்கத்து வீடுகள் மொசாம்பிக். சாலையைக் கடந்து உப்பு வாங்கி வருகிறவர்கள் நாடு கடந்து நாடு வருகிறார்கள். லிசுலு சந்தையில் உருளைக்கிழங்கு கோபுரம் கோபுரமாக வாளிகளில் நிற்கும். பேருந்து நின்றதும் தலைக்கு மேல் தட்டுகளோடு கூட்டம் ஜன்னலை மொய்த்துவிடும். அவித்த முட்டை, வாழைப்பழம், மந்தாசி என்கிற இனிப்பு போண்டா. நடுவே ஒரு பையன் நீளக் குச்சியில் வரிசையாகச் செருகிய சுட்ட எலிகளை நீட்டினான். அறுவடை முடிந்த காடுகளில் பிடிப்பது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் எல்லாரும் முகம் சுளித்துப் படமெடுக்கிற காட்சி அது. நானும் முதல் மாதத்தில் எடுத்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வயல் எலிதானே. நம்ம பக்கம் இருளருங்க பிடிப்பாங்க. நெல்லு தின்ன எலி நாறாது" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நொடி உருளைக்கிழங்கு விலையை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அதே இடத்தில் பேருந்து நின்றது. அம்மா கேட்ட விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஒரு சிறு வாளிக் கிழங்கு வாங்கினேன்.

*

விடுமுறையை நான்தான் திட்டமிட்டேன். முதலில் ஏரி, பிறகு சோம்பா மலை, கடைசியில் என் கிராமம். சோம்பாவில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1975 வரை தலைநகராக இருந்த ஊர், குளிர், பைன் மரங்கள், அம்மாவுக்கு ஊட்டி ஞாபகம். ஏரியில்தான் சண்டை வந்தது.

மலாவி ஏரியின் நீளம் சுமார் 580 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து கோவில்பட்டி வரை ஒரே தண்ணீர். ஆழம் சில இடங்களில் 700 மீட்டர். உலகில் வேறெந்த ஏரியிலும் இத்தனை வகை மீன்கள் இல்லை. அதனாலேயே தென்முனையில் கேப் மெக்ளியரைச் சுற்றியுள்ள பகுதி 1984ல் உலகப் பாரம்பரிய இடமானது. கரையில் நின்ற அம்மா நான் சொன்ன எதையும் நம்பவில்லை. அலை அடிக்கிறது, அக்கரை தெரியவில்லை, பிறகு எப்படி ஏரியாகும்? குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பே இல்ல." தர்மபுரிக்காரிக்கு அந்த ருசி சிரிப்பையும் ஆத்திரத்தையும் ஒன்றாக வரவழைத்தது. "இத்தனையும் நல்ல தண்ணியா! நாம ஒரு குடத்துக்கு எவ்வளவு நடந்திருப்போம்?"

இந்த ஏரித் தண்ணீரில் நத்தைகளிலிருந்து வெளிவந்து தோல் வழியாக உடம்புக்குள் புகும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி உண்டு என்று எச்சரித்திருந்தேன். மறுநாள் விடியலில் பார்த்தால், பாத்திரம் தேய்க்கும் பெண்கள் நடுவே புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா மணல் போட்டுத் தட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆறு வாரம் கழிச்சு மாத்திரை போடணும், தெரியுமா!" என்று கத்தினேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து.

அன்றிரவு மின்சாரம் இல்லை. கரையில் உசிப்பா மீன் காயும் பரண்களின் வாசனை, நெத்திலிக் கருவாடேதான். தூரத்தில் மீன்பிடி விளக்குகள் தண்ணீருக்கு மேல் ஒரு தெருவைப் போல வரிசையாக நின்றன. அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். மாடிப்படி ஏற முடியவில்லை, மோட்டார் போடப் பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, ராத்திரி வயிற்றுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொன்னேன். வேலைக்கு ஆள் வைக்கலாம், அண்ணன் மகனை வரச் சொல்லலாம். கடைசியில் பதில் தீர்ந்துபோய், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு நீதானே சொல்லுவே" என்றேன்.

"அது பிள்ளைக்குச் சொன்னது" என்றாள் அம்மா. "பெத்தவளுக்கு யாரு ஊட்டறதுன்னு அதுல இல்ல."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பும் வரை உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை கிடையாது.

*

ந்ச்சேயு நகரில் இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து, தார்ச்சாலை முடிகிற இடத்தில் கபாசா ஏறினேன். கபாசா என்பது சைக்கிள் டாக்சி. பின்கேரியரில் மெத்தை தைத்திருப்பார்கள். மேடு வந்தால் இறங்கி நடப்பது மரியாதை. ஒரு பக்கம் என் பை, மறுபக்கம் கிழங்கு வாளி.

வழி நெடுக வறட்சியின் தடம். அந்த ஆண்டு எல் நினோவால் மழை பொய்த்து, நாட்டின் 28 மாவட்டங்களில் 23ல் பேரிடர் நிலையை மார்ச் மாதம் அறிவித்திருந்தார்கள். மக்காச்சோளத் தட்டைகள் இடுப்புயரம்கூட வராமல் காய்ந்து நின்றன. வீட்டுக்கு வீடு மூங்கில் பிளாச்சில் பின்னிக் கூரை வேய்ந்த குதிர்கள், பாதிக்கு மேல் காலி. அந்தக் காடுகளுக்கு நடுவே தலைநிமிர்ந்து நின்ற ஒரே செடி துவரை.

அதை எனக்குக் காட்டியதும் அம்மாதான். 14 மாதம் இந்த வழியில் போய்வந்திருக்கிறேன், ஏதோ குத்துச்செடி என்று நினைத்திருந்தேன். நகரத்துப் பள்ளி விடுதியில் வளர்ந்த கண் எனக்கு. அம்மா சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு காயைப் பிதுக்கி, "துவரை கண்ணு! நம்ம காட்டுல ராகிக்கு நடுவுல சாலு போடுவோமே, அதேதான்!" என்று கூவினாள். ஓட்டி வந்த இளைஞன், "நந்தோலோ" என்றான். "துவரை" என்றாள் அம்மா. "நந்தோலோ" என்றான் மறுபடி. இருவரும் ஆளுக்கொரு காயைத் தின்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

உண்மையான உடன்படிக்கை ஒன்றும் நடந்திருக்கிறது. ஆண்டுக்கு 50,000 டன் துவரை மலாவியிலிருந்து வாங்கிக்கொள்வதாக 2021ல் இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. பாலக்கோட்டு ரேஷன் கடையிலோ மளிகைக் கடையிலோ அம்மா வாங்கிய பருப்பில் நாலு மணி இந்தக் காடுகளில் விளைந்ததாகவும் இருக்கலாம். ஆதியில் துவரை நம் பக்கம் பயிராகி இங்கே வந்து சேர்ந்தது என்கிறார்கள் பயிர் ஆய்வாளர்கள். கேழ்வரகின் கதை நேர்மாறு. ஆப்பிரிக்கக் கிழக்கு மலைநாட்டில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் பயிராகி, பிறகு நம் நாட்டுக்கு வந்தது. புளியமரத்துக்கும் சொந்த மண் ஆப்பிரிக்காதான். இங்கே ராகியை மாவேரே என்றும் புளியை ப்வெம்பா என்றும் சொல்கிறார்கள். ஆக, களி கிண்டிப் புளி கரைத்து வளர்ந்த தர்மபுரி, யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்கக் கிளம்பி வந்தது?

*

எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவியை ஊரே "அகோகோ" என்கிறது. பாட்டி என்று பொருள். நான் வந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது பேத்தி கையில் ஒரு நீலப் பூப்போட்ட இரும்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவார். அவித்த துவரை, அல்லது வேர்க்கடலைப் பொடி தூவிய பூசணி இலைக் கீரை. நான் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைப் பளிச்சென்று கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கிராமத்தாரிடமிருந்து பரிசு வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குச் சுமை ஆகாதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சுத்தமான கிண்ணத்தை உரிய நேரத்தில் திருப்புவதே என் கண்ணியம் என்று நம்பியிருந்தேன்.

அம்மா கிராமத்துக்கு வந்த முதல் மாலை, வாசலில் "ஓடி! ஓடி!" என்று குரல் கேட்டது. அம்மா பதறி எழுந்தாள். "எதுக்கு ஓடச் சொல்றாங்க?" வீட்டுக்குள் வரலாமா என்று கேட்கும் சொல் அது என்று விளக்குவதற்குள் அகோகோ உள்ளே வந்து மண்டியிட்டு, கால் கட்டிய கோழி ஒன்றை நீட்டினார். பஞ்ச வருஷத்துக் கோழி. நான் பயிற்சி மொழியில் மறுக்கத் தொடங்கினேன். அம்மா என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, தானும் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோழியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு கையால் வாங்குவதுதான் இங்கேயும் மரியாதை. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் கிண்ணம் வந்தது. நான் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "வெறுங்கிண்ணமாவா?" என்றாள் அம்மா. "ஏண்டி, பதினாலு மாசமா இப்படித்தான் குடுத்துட்டிருந்தியா?"

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. இங்கே அது செல்லாது என்று நினைத்துவிட்டேன். நான் கொடுப்பது பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில். கிண்ணத்தில் வருவது வேறு கணக்கு. கொடுக்க வந்தவளுக்கு வாங்கத் தெரியவில்லை. வாங்கத் தெரியாதவள் திருப்பித் தரவும் மறந்தாள்.

ஏரிக்கரையில் வாங்கிய உசிப்பாவைப் போட்டு, ப்வெம்பா கரைத்து, அம்மா குழம்பு வைத்தாள். அகோகோ வீட்டில் களி கிண்டினார்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் அதன் பெயர் ந்சிமா. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்து சேருமுன் இங்கேயும் அதைச் சோளத்திலும் கேழ்வரகிலும்தான் கிண்டியிருக்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் அம்மா அவர்கள் வீட்டு உரலில் உலக்கை போட்டாள், அகோகோவோடு மாற்றி மாற்றி, ஒரு தப்பு விழாமல். இரண்டு கிழவிகளும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த ஐந்து நாளில் என் பெயரும் மாறிவிட்டது. அதுவரை நான் "அபுன்சித்சி", ஆசிரியை. முதுகுக்குப் பின்னால் "ம்வென்யே", இந்தியாக்காரி. இப்போது "அந்த அமாயியின் மகள்". பெற்றவளைக் கண்ணால் பார்க்காதவரை ஊருக்கு ஒரு ஆள் பாதிதான் போலும்.

*

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குழந்தைகள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு, "அமாயி அலி குத்தி?" என்றார்கள். அம்மா எங்கே? ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். வீட்டுக்குள் அம்மா மடித்துவைத்த போர்வை அப்படியே இருந்தது. அடுப்பருகே நீலப் பூப்போட்ட கிண்ணம், கிளம்பும் அவசரத்தில் திருப்பித் தராமல் விட்டது.

"ஓடி!"

அகோகோ வந்தார். போய்ச் சேர்ந்தாளா என்பதுதான் முதல் கேள்வி. செல்பேசியில் சார்ஜ் இல்லை, காலையிலிருந்து பார்க்கவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெரியப்பா தோற்றார். பேரனைக் கூப்பிட்டு, செல்பேசியைக் கொடுத்து, கடைத்தெருவில் காசுக்குச் சார்ஜ் போடுகிற கடைக்கு ஓடச் சொன்னார். பிறகு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, மடியிலிருந்த துவரங்காயை உரிக்கத் தொடங்கினார். நானும் உரித்தேன். பள்ளி திறந்ததும் இரண்டாம் படிவத்துக்கு வகுப்பு. எழுபது பிள்ளைகளுக்குப் பதினெட்டுக் கணக்குப் புத்தகங்கள். அதை எப்படிப் பிரிப்பது என்று மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பையன் வந்தான். அம்மாவின் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது. "வீடு வந்து சேந்துட்டேன் கண்ணு. முட்டி பரவால்ல. அந்தப் பாட்டிக்குச் சொல்லிடு. கிண்ணத்தக் குடுத்தியா?"

குரலைக் கேட்டதும் அகோகோ செல்பேசியை இரண்டு கையாலும் வாங்கி, அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல, "ம்வாஃபிகா ப்வினோ, சிகோமோ, சிகோமோ" என்றார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள், நன்றி, நன்றி. அதைப் பதிந்து அப்படியே பாலக்கோட்டுக்கு அனுப்பினேன். மொழிபெயர்க்கவில்லை.

உள்ளே போய்க் கிண்ணத்தில் லிசுலுக் கிழங்கை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன். அகோகோ கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். முற்றத்தைத் தாண்டும்போது "ட்சலானி ப்வினோ" என்றார்.

சிச்சேவாவில் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது தமிழ்.

"போயிட்டு வாங்க."